நர்ஸ் அக்கா பதில்கள்: வயிற்றில் பிள்ளை, கையில் டிக்கெட்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டே விஷயம். ஒன்று கர்ப்பம், இன்னொன்று கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவது. சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கிறது. நான் வேலை பார்ப்பது லண்டனில் ஒரு ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், சர்ஜரியில், அதனால் இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் இருப்பவர்கள் சில விஷயங்களை உங்கள் சர்ஜரியில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி ஆறு மாதம். கணவரின் வேலை விசாவில் டிபென்டன்டாக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நாள் தள்ளிப்போய் வீட்டிலேயே இரண்டு முறை டெஸ்ட் செய்தேன், இரண்டு தடவையும் இரண்டு கோடு. சர்ஜரிக்குப் போன் செய்தால், "டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை, ஆன்லைனில் படிவம் நிரப்புங்கள், மிட்வைஃப் கூப்பிடுவார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் என் அக்காவுக்கு அன்றைக்கே டாக்டர் பார்த்து ஸ்கேன் எடுத்தார். இங்கே ஏன் இவ்வளவு அலட்சியம்? "சர்ஜரிக்குப் போன் பண்ணினேன்" என்றதும் அம்மா பயந்து அழுதே விட்டார்.
— பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. முதலில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இங்கே சர்ஜரி என்றால் ஆபரேஷன் இல்லை, நம்மூரில் கிளினிக் என்கிறோமே, அதுதான்.

ரிசப்ஷனில் சொன்னது சரியான வழிதான், ஆனால் சொன்ன விதம் சரியில்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு இன்னும் இரண்டு வரி விளக்கியிருக்கலாம். இங்கே சாதாரண கர்ப்பத்தை ஆரம்பத்திலிருந்து பிரசவம் வரை பார்ப்பது மிட்வைஃப். அவர் டாக்டருக்கு உதவி செய்பவர் இல்லை, அதற்கென்றே படித்துப் பதிவு செய்த நிபுணர். ஏதாவது சிக்கல் தெரிந்தால் அவரே மகப்பேறு டாக்டரிடம் அனுப்புவார். வீட்டில் செய்த டெஸ்டை இங்கே நம்புகிறார்கள், அதை உறுதி செய்ய ரத்தமோ ஸ்கேனோ வழக்கமாக எடுப்பதில்லை.

படிவத்தை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். புக்கிங் என்று சொல்லும் முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடக்க வேண்டும். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வரும் என்பதால், நாள் தள்ளியது தெரியும்போதே நாலு வாரம் ஓடியிருக்கும். அந்தச் சந்திப்பு ஒரு மணி நேரம்கூடப் போகும். சர்க்கரை, பிரஷர் யாருக்கு இருக்கிறது, சொந்தத்தில் கல்யாணமா என்றெல்லாம் கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அது உங்கள் கணவர்மேல் சந்தேகம் இல்லை, எல்லாப் பெண்களிடமும் கேட்பது. ரத்தத்தில் எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, ரத்த வகை, தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் எல்லாம் பார்ப்பார்கள். தலசீமியா மரபணு உங்களிடம் இருந்தால் கணவரையும் பரிசோதிப்பார்கள், அதற்குத்தான் 10 வாரக் கெடு. முதல் ஸ்கேன் 11-லிருந்து 14 வாரத்துக்குள், அடுத்தது 20 வாரத்தையொட்டி. நம்மூர்போல மாதா மாதம் ஸ்கேன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், தேவைப்பட்டால் கூடுதலாக எடுப்பார்கள்.

இந்தியா, இலங்கை வம்சாவளி என்றாலே கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வாய்ப்பு அதிகம். அதனால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் குடிக்க வைத்து டெஸ்ட் எடுப்பார்கள். "நான் ஒல்லிதானே" என்று அதைத் தவற விடாதீர்கள். ஒல்லியான நம் பெண்களுக்கும் வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மிட்வைஃப் கூப்பிடும் வரை காத்திருக்காமல் இன்றே ஆரம்பிக்க வேண்டியது ஃபோலிக் ஆசிட், 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரைக்கும் தினமும். பார்மசியில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். உங்களுக்குச் சர்க்கரை, வலிப்பு மாத்திரை, தலசீமியா, குடும்பத்தில் முதுகுத்தண்டு குறைபாட்டோடு பிறந்த குழந்தை, இதில் ஏதாவது இருந்தால் 5 மில்லிகிராம் வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டுத் தேவை. அப்படி என்றால் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். வைட்டமின் டி-யும் தினம் 10 மைக்ரோகிராம், இங்கே வெயில் போதாது.

கூடவே பிரசவ விலக்குச் சான்றிதழ் வேண்டும் என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். கர்ப்பகாலம் முழுக்கவும் பிரசவமாகி 12 மாதம் வரையும் மருந்துச் சீட்டுக்குக் காசு இல்லை, அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் பல் வைத்தியமும் இலவசம். நம் பெண்கள் பல பேர் குழந்தைக்கு ஒரு வயதான பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். டிபென்டன்ட் விசாவில் இருக்கும் உங்களுக்கு மருத்துவமனைப் பிரசவத்துக்கும் பில் வராது.

ரத்தம் பட்டாலோ, ஒரு பக்கமாக வயிறு வலித்தாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ படிவத்தையெல்லாம் விட்டுவிட்டு உடனே சர்ஜரிக்கோ என்எச்எஸ் உதவி எண் 111-க்கோ போன் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு இப்போது ஐந்தாம் மாதம், 19 வாரம். ஏழாம் மாதம் தஞ்சாவூரில் வளைகாப்பு, நாள் குறித்துவிட்டார்கள். மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புவேன். விமானத்தில் போகலாமா? ஏர்லைன் கடிதம் கேட்கிறது, சர்ஜரியில் அதற்குக் காசு கேட்கிறார்கள், இது நியாயமா? ஊசி ஏதாவது போட வேண்டுமா? மாமியார் கர்ப்பத்தில் ஊசியே கூடாது என்கிறார்.
— ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: போகலாம். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் நடு மூன்று மாதம்தான் பயணத்துக்கு வசதியான காலம். நீங்கள் போகும் தேதியை மட்டும் பார்க்கிறீர்கள், எனக்குக் கவலை திரும்பும் தேதி. 26 வாரத்தில் ஏறினால் திரும்பும்போது 29 வாரம். பெரும்பாலான ஏர்லைன்கள் 28 வாரத்துக்குப் பிறகு கடிதம் கேட்கும், ஒற்றைக் கர்ப்பத்துக்கு 36 வாரத்தையொட்டியும் இரட்டைக்கு 32-ஐ ஒட்டியும் ஏற்றவே மாட்டார்கள். ஏர்லைனுக்கு ஏர்லைன் இது மாறும், டிக்கெட் போடும் முன் அவர்கள் விதியைப் படியுங்கள். போகும்போது ஏற்றிக்கொண்டார்கள், திரும்பும்போது சென்னை கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் சர்ஜரிக்கு ஒரு பெண் அங்கிருந்தே போன் செய்து அழுதார். இரவு இரண்டு மணிக்கு அங்கே நின்றுகொண்டு என்ன கடிதம் வாங்குவது? கடிதத்தை லண்டனிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். ஆனால் பயணத்துக்கு இத்தனை நாள் முன்பு எழுதியதுதான் செல்லும் என்று சில ஏர்லைன்கள் வைத்திருப்பார்கள், அப்படி என்றால் தஞ்சாவூர் டாக்டரிடம் ஒரு நாள் முன்கூட்டியே போய் வாங்கிவிடுங்கள்.

காசு விஷயம்: அந்தக் கடிதம் என்எச்எஸ் வேலையில் சேராது, அதனால் சர்ஜரி கட்டணம் கேட்கலாம். அதற்கு முன் உங்கள் மிட்வைஃபிடம் கேளுங்கள், பல இடங்களில் அவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சென்னைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். கர்ப்பத்தில் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து ஏற்கெனவே கூடுதல். நடைபாதைப் பக்கம் சீட் வாங்குங்கள், எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், அளவான இறுக்கக் காலுறை போடுங்கள். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தொடைப் பக்கமாக மாட்டுங்கள். உங்கள் கர்ப்பக் குறிப்புகள் ஆப்பில் இருந்தால் பிரின்ட் எடுத்துக் கைப்பையில் வையுங்கள், அவசரத்தில் அங்கே ஒரு டாக்டர் பார்த்தால் உங்கள் ரத்த வகையிலிருந்து எல்லாம் அதில் இருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கர்ப்பத்தைச் சொல்லியே எடுங்கள், குறைப்பிரசவமானால் குழந்தைக்கும் செலவு கொடுப்பார்களா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் செல்லும் ஜிஹிக் அட்டை இந்தியாவில் செல்லாது.

இனி ஊசி. மாமியார் சொல்வதில் ஒரு பாதி உண்மை. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் தடுப்பு மருந்துகளைக் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர், மஞ்சள் காய்ச்சல் ஊசி, டைஃபாய்டுக்கு வாயில் போடும் காப்ஸ்யூல் எல்லாம் அந்த வகை. டைஃபாய்டுக்கு ஊசியாகப் போடுவதும் ஹெபடைடிஸ் ஏ ஊசியும் அந்த வகை இல்லை. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்டு, நன்மை கூடுதலா என்று பார்த்து நர்ஸ் முடிவு செய்வார். இரண்டும் என்எச்எஸ்ஸில் இலவசம்.

மாமியார் கூடாது என்று சொன்னாலும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டியது கக்குவான் இருமல் ஊசி. 16 வாரத்திலிருந்து போடலாம், நீங்கள் 19-ல் இருக்கிறீர்கள், இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். இது உங்களுக்காக இல்லை. உங்கள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், எட்டாவது வாரம் அதன் முதல் ஊசி வரும் வரை காக்கும். கக்குவான் வந்த ஒரு மாதக் குழந்தை எப்படி இருக்கும் தெரியுமா? பெரிய பிள்ளைகள்போல இருமாது, சில சமயம் மூச்சை நிறுத்திவிடும், அவ்வளவுதான். பச்சைக் குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கான ஊசியை 2024 செப்டம்பரிலிருந்து 28 வாரம் ஆனவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு மலேரியா மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது, ஆனால் டெங்கு இருக்கிறது, அதற்கு மாத்திரை கிடையாது. அந்தக் கொசு பகலில் கடிக்கும். 50 சதவீதம் வரை டீட் உள்ள கொசு மருந்தைக் கர்ப்பிணிகள் தடவிக்கொள்ளலாம். அங்கே காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரொஃபென் வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீர். இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய் மறந்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் இ என்று ஒரு மஞ்சள் காமாலை உண்டு, அசுத்தத் தண்ணீரில் வருவது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வந்துவிட்டுப் போய்விடும், கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதத்தில் உயிருக்கே ஆபத்து. அதற்கு இங்கே போட ஊசியும் இல்லை. வளைகாப்பு அன்று மண்டபத்தில் ஜக்கில் ஊற்றுவார்களே, அந்தத் தண்ணீர் வேண்டாம். ஐஸ் போட்ட கரும்புச் சாறு, வெட்டி வைத்த பழம், பானிபூரி எதுவும் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோங்கள். சொந்தக்காரர்கள் "லண்டன் போனதும் மாறிவிட்டாள்" என்பார்கள். சொல்லட்டும்.

கேள்வி: அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்தில கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த ஆக்கள். ஆடி மாதம் பிள்ளைகளோட போறம், மூத்தவனுக்கு 5 வயசு, சின்னவளுக்கு 14 மாதம். சர்ஜரியில நேர்ஸ் எங்கள் எல்லாருக்கும் ஊசி எண்டுறா. சொந்த ஊருக்குப் போக என்னத்துக்கு ஊசி?
— ரூட்டிங் வாசகர்

பதில்: தம்பி, அந்த நேர்ஸ் சொன்னதைக் கேளுங்கள். இங்கிலாந்தில் டைஃபாய்டு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் தெற்காசியாவில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய் வந்தவர்கள்தான். ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரர் பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவார். நாம் சித்தி வீட்டில் தங்கி, ஒழுங்கையில் விற்பதை வாங்கிச் சாப்பிட்டு, கிணற்றடியில் குளித்துவிட்டு வருகிறோம். சின்ன வயதில் வந்த எதிர்ப்புச் சக்தி இருபது வருடம் லண்டனில் இருந்தவருக்கு அப்படியே இருக்காது. உங்கள் பிள்ளைகளோ ரூட்டிங்கில் பிறந்தவர்கள், அவர்களுக்கு அது என்றைக்குமே இருந்ததில்லை.

டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, போலியோ கலந்த டெட்டனஸ் பூஸ்டர், எல்லாம் இலவசம். டைஃபாய்டு ஊசி மூன்று வருடம் தாங்கும். அதை இங்கே வழக்கமாக இரண்டு வயதிலிருந்துதான் போடுவார்கள், அதனால் சின்னவளுக்குக் கொதித்தாறின தண்ணீரும் சூடான சாப்பாடும்தான் காப்பு. ஹெபடைடிஸ் ஏ ஒரு வயதிலிருந்து போடலாம். அவளுக்கு அட்டவணைப்படி ஏதாவது ஊசி பாக்கி இருந்தால், முக்கியமாகச் சின்னமுத்து, அதாவது தட்டம்மைக்கான ஊசி, முதலில் அதை முடியுங்கள். குழந்தையின் ஊசி விவரமெல்லாம் குறிக்கும் சிவப்புப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள்.

பயணத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே பயணப் படிவத்தை ரிசப்ஷனில் கொடுத்துவிடுங்கள். ஜூலைக்குப் போகிறவர்கள் ஜூன் கடைசியில் வந்து நிற்கும்போது எனக்கே இடம் கொடுக்க முடிவதில்லை, அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சில சர்ஜரிகளில் பயண ஊசிக்கு நர்ஸ் இல்லை என்பார்கள். பார்மசியில் போய்க் காசு கொடுப்பதற்கு முன், இலவச ஊசிகளை எங்கே போடுவார்கள் என்று கேளுங்கள்.

மலேரியா மாத்திரை வேண்டாம். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2016-ல் அறிவித்துவிட்டது. டெங்கு உண்டு. அதைவிட எனக்கு உங்கள் மூத்தவனைப் பற்றித்தான் யோசனை. ஐந்து வயசுப் பையன் தெரு நாய்க்குட்டியைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்குவான், நகம் பட்டதை வீட்டில் சொல்லவும் மாட்டான். விசர்நாய் ஊசியை முன்கூட்டியே போடுவதற்கு இங்கே காசு, மூன்று ஊசி, விலை அதிகம். போடுகிறீர்களோ இல்லையோ, நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லண்டன் வந்து பார்ப்போம் என்று ஒருநாளும் தள்ளக் கூடாது. முன்பே ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும்.

திரும்பி வந்தபின் யாருக்காவது காய்ச்சல் என்றால், போனை எடுத்ததும் முதல் வாக்கியமாக "இலங்கை போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டர் சாதாரண வைரஸ் என்றுதான் நினைப்பார்.

கேள்வி: என் பிரசவத்துக்கு மாமியார் விசிட்டர் விசாவில் வருகிறார். பிரஷர் இருக்கிறது. அவரை எங்கள் சர்ஜரியில் காட்டலாமா?
— கிராய்டன் வாசகி

பதில்: காட்டலாம். ஜிபியைப் பார்க்க யாருக்கும் கட்டணம் இல்லை, மூன்று மாதம் வரை என்றால் தற்காலிக நோயாளியாகப் பதிவு செய்யலாம். மருத்துவமனையில் சேர்ந்தால் கதை வேறு. விசிட்டருக்குச் செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும், 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசாவைப் பாதிக்கும். காப்பீடு எடுக்காமல் அவரை விமானம் ஏற்ற வேண்டாம், பிரஷரையும் அதில் எழுதுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பிரசவ மருந்து என்று லேகியம் கொண்டுவருவார். மிளகு, மல்லி அரைத்த பத்தியக் கறி தாராளமாகச் சாப்பிடுங்கள். என்ன சேர்த்தது என்று தெரியாத லேகியமும் பஸ்பமும் வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருந்திருக்கிறது, அது பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தைக்குக் கண்மையும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

கேள்வி: குழந்தை பிறந்து ஏழு வாரம். காரணமே இல்லாமல் அழுகிறேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, சர்ஜரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார், "அவள் நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை.
— பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் மோசமான அம்மா இல்லை. இங்கே பத்துப் பெண்களில் ஒருவருக்கு மேல் பிரசவமான ஒரு வருடத்துக்குள் இந்தப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வருகிறது, நம் சனங்கள் இதற்குப் பெயர் வைக்காததால் வராதது மாதிரி இருக்கிறது. இது வியாதி, குணமாகும். பேச்சு வழியான சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன.

பிரசவமாகி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் நடக்கும் அந்தப் பரிசோதனை உங்களுக்கானது. குழந்தைக்கு வேறாக ஒன்று உண்டு. உங்களுக்கான பரிசோதனையில் உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பது டாக்டரின் கடமை, அந்தப் பதில் உங்கள் வாயால் வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, உங்களுக்கு அதில் ஒரு பென்னி செலவில்லை. பெரும்பாலும் போனிலேயே ஒரு தமிழ்க் குரல் வரும், அவருக்கு உங்களைத் தெரியாது, கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். பரிசோதனை முடிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள், திரும்பப் போகலாம்.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சர்ஜரி போன் திறக்கும். இதை மட்டும் சொல்லுங்கள்: "ஐ ஹேட் எ பேபி. ஐ ஆம் நாட் வெல். ஐ நீட் எ டமில் இன்டர்பிரட்டர்." கையில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே வாசித்தால் போதும். குழந்தையைப் பார்க்க வரும் நர்ஸான ஹெல்த் விசிட்டரின் எண் சிவப்புப் புத்தகத்தில் இருக்கும், அவரிடமும் இதையே சொல்லலாம்.

உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், யாரும் இல்லாத குரல் கேட்டால், காலை வரை காத்திருக்க வேண்டாம். 111 அழுத்தி, மனநலத்துக்கு 2. அங்கேயும் தமிழ் கேட்கலாம். ஆபத்து என்று தோன்றினால் 999.

போன் செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், செய்துவிட்டேன் என்று மட்டும்.